யார் சம்மதம்?

"இதோ பாருங்க இமாம்! தலையணை உறைக்குள்ள ஒளிச்சு வச்சிருக்கா. ஹராம்னு தெரிஞ்சே முழுங்கியிருக்கா, சீமாட்டி!"

மாமியார் வீசிய மாத்திரை அட்டை தையல் மிஷின் மேல் பட்டு இமாமின் காலடியில் விழுந்தது. கர்ப்பத்தடை மாத்திரை, பாதி அட்டை காலி. திரைக்குப் பின்னால் நின்ற மருமகளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. தன் தலையணைக்குள் கைவிட்டுத் துழாவியிருக்கிறாளே, இவள் ஒரு பெண்பிள்ளையா?

மூன்று பெண்களைப் பெற்றவள் மருமகள். மூன்றாவது பிரசவத்தில் ரத்தம் நிற்காமல் செத்துப் பிழைத்தாள். "இன்னொண்ணு தங்கினா நீ தங்க மாட்டேம்மா" என்று டாக்டரம்மா முகத்துக்கு நேரே சொல்லி அனுப்பினாள். அதைப் புருஷனிடம் சொன்னாள், மாமியாரிடம் சொன்னாள். செவிடன் காதில் ஊதிய சங்குதான். மாமியாருக்கு ஒரு பேரன் வேண்டும். பெற்றுக் கொடுப்பவள் கபருக்குப் போனால் என்ன, வேறொருத்தி வராமலா போவாள்? இப்படியும் மனுஷ ஜென்மங்கள் இருக்கத்தான் செய்கின்றன.

இமாமைப் போய் அழைத்து வந்தவன் புருஷன்தான். தையல்காரன். அழைத்து வந்ததோடு தன் வேலை முடிந்தது என்று, அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, தரையில் கிடந்த துணித் துண்டுகளைக் காலால் ஒதுக்கிக்கொண்டிருந்தான்.

"இது கொலைதானே? நீங்களே சொல்லுங்க. உங்க வாயால கேட்டாத்தான் இவ அடங்குவா."

இமாம் செருமினார். சின்ன வயதுக்காரர். பள்ளிவாசலுக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

"அப்படிச் சொல்ல முடியாதும்மா. நாயகம் காலத்துலயே ஆம்பளைங்க கடைசி நேரத்துல விலகிக்குவாங்க. அஸ்ல்னு பேரு. நாயகத்துக்குத் தெரியும், தடுக்கல. கொஞ்ச காலத்துக்குச் சாப்பிடற மாத்திரையும் அது மாதிரிதான்னு மார்க்கம் படிச்ச ஆலிம்கள் நிறைய பேர் சொல்றாங்க. உயிருக்கு ஆபத்துன்னா பேச்சே இல்ல. பொதுவா, புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேர் சம்மதமும் இருக்கணும்."

உயிருக்கு ஆபத்து என்றது மாமியார் காதில் விழவே இல்லை. கடைசி வார்த்தையை மட்டும் கப்பென்று பிடித்துக்கொண்டாள்.

"கேட்டுக்கிட்டியாடி? சம்மதம் வேணுமாம். என் மகன் சம்மதிக்கல. என்னடா, சொல்லேன்!"

"ஆமா, நான் சம்மதிக்கல" என்றான் தையல்காரன். அத்தனை நேரம் எங்கே போயிருந்ததோ அந்த வாய்!

திரைக்குப் பின்னால் இருந்து மருமகள் பேசினாள்.

"இமாம், ஒண்ணு கேக்கணும். மூத்தவ பொறந்ததும், கடை முதல்ல கால் ஊணட்டும்னு ரெண்டு வருஷம் இவரும் அப்படித்தான் கடைசி நேரத்துல விலகிக்கிட்டு இருந்தாரு. எனக்கு இன்னொரு புள்ள வேணும்னு ஆசை. அழுதுகூடப் பார்த்தேன். என்னை யாரும் ஒரு வார்த்தை கேக்கல. அதுக்குச் சம்மதம் வேண்டாமா?"

"சீ, மானங்கெட்டவளே! படுக்கையறைச் சங்கதியை நடுவீட்டுல பேசறியா?"

தலையணைக்குள் கைவிட்டவள் பேசுகிற பேச்சைப் பாருங்கள்! தையல்காரன் குனிந்து துணித் துண்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தான்.

இமாம் அவனைப் பார்த்தார். "வேணும் தம்பி. மார்க்கக் கிதாபுல சம்மதங்கிற பேச்சு வர்றதே அந்த இடத்துலதான். பொண்டாட்டிக்கும் புள்ளை மேல உரிமை இருக்கு, அவளைக் கேக்காம புருஷன் விலகக் கூடாதுன்னு. நீங்கதான் கேட்டிருக்கணும்."

திருடனைக் காட்டிக்கொடுக்கக் கூட்டி வந்த ஆள், கூட்டி வந்தவன் கையையே பிடித்துவிட்டார். மாமியாருக்கு முகம் கறுத்தது. "ஓதிப் படிச்ச லட்சணம் இதுதானா? என் தம்பி காதுல போட்டு வைக்கிறேன்" என்றாள். அவள் தம்பிதான் ஜமாஅத் தலைவர். இமாமை வைப்பதும் நீக்குவதும் அவர் கையில். இமாம் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்.

வெள்ளிக்கிழமை பள்ளிவாசல் ஒலிபெருக்கி அலறியது. பிள்ளைகள் இறைவன் கொடுக்கும் செல்வம், அதைத் தடுக்க மாத்திரை விழுங்குவது ஷைத்தானின் வேலை, அப்படிப்பட்ட பெண்களை வீட்டார் கண்டிக்க வேண்டும். அதே இமாம்தான். குரலில் உயிர் இல்லை, யாரோ எழுதிக் கொடுத்ததை வாசிப்பது போல இருந்தது.

மாமியார் அடுக்களைக்கே வந்துவிட்டாள். "காது குளிரக் கேட்டியா? இப்ப என்ன சொல்றே?"

"கேட்டேன் மாமி. அன்னிக்கு நம்ம வீட்டுல அல்லாவுக்குப் பயந்து பேசினாரு. இன்னிக்கு உங்க தம்பிக்குப் பயந்து பேசறாரு."

சொல்லிவிட்டு, அலமாரியில் உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் எல்லாரும் பார்க்க வைத்திருந்த புது அட்டையை எடுத்தாள். ஒரு மாத்திரையைப் பிதுக்கினாள். தொழுகை முடிந்து தையல்காரன் உள்ளே வந்த நேரம் அதுதான்.

"பாருடா! உன் கண்ணு முன்னாடியே!" என்று கத்தினாள் மாமியார்.

அவன் தொப்பியைக்கூடக் கழற்றவில்லை. "நான்தான் சம்மதிக்கலைன்னு சொன்னேன்ல?"

அவள் தண்ணீரைக் குடித்து முடித்து டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள்.

"நானும்தாங்க சம்மதிக்கல. சாகறதுக்கு."