பத்தாவது சாட்சி

பூங்காவின் இரும்புக் கதவில் ஒட்டியிருந்த அறிவிப்பைத் தையலக்கா இரண்டாவது முறை படித்தபோதுதான் ‘காலி மனை’ என்ற சொல் கண்ணில் குத்தியது. அந்தக் காலி மனையில் நான்கு மாடிக்குக் கார் நிறுத்தம் கட்டப் போகிறார்களாம். ஆட்சேபம் உள்ளவர்கள் வெள்ளிக்கிழமை நேரில் வரவேண்டுமாம். கதவுக்கு உள்ளே பன்னிரண்டு பெஞ்சும், புல்லும், நிழல் விரித்த மரங்களும் இருந்தன. காலியாம்.

அவளுக்கு முப்பத்து நாலு வயதில் அங்கேதான் சைக்கிள் ஓட்ட வந்தது. புருஷன் சீட்டைப் பிடித்தபடி மூச்சிரைக்க ஓடிவந்தார். எப்போது கையை விட்டார் என்று அவளுக்குத் தெரியாது. திரும்பிப் பார்த்தபோது தூரத்தில் இடுப்பில் கைவைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் போய் ஆறு வருஷமாகிறது. அந்தச் சிரிப்பு நின்ற இடத்தைக் காலி என்று சொல்ல எவனுக்கு மனசு வந்தது?

நகராட்சி அலுவலகத்தில் அதிகாரியம்மா கோப்பைப் புரட்டிவிட்டு, பூங்கா என்று ஒரு காகிதம்கூட இல்லை என்றாள். காகிதம் இல்லாவிட்டால் ஆள் சொல்லலாம், இருபது வருஷத்துக்கு முன்பே பூங்காவாகப் பயன்படுத்திய பத்துப் பேர் நேரில் வந்து சொன்னால் எழுதிக்கொள்ள விதி இருக்கிறது என்றும் சொன்னாள்.

பத்துப் பேர் என்ன பிரமாதம் என்று நினைத்துத்தான் தையலக்கா படியிறங்கினாள். தெருவுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. ஓட்டு வீடுகள் இருந்த இடமெல்லாம் அடுக்குமாடி. பழைய சனம் விற்றுவிட்டுத் திசைக்கொன்றாய்ப் போய்விட்டது. அவளிடம் மிஞ்சியிருந்தது தையல் வாடிக்கைக்காரர்களின் அளவு நோட்டுகள்தான். இருபத்தைந்து வருஷத்து இடுப்பளவும் தோளளவும், பக்கத்திலேயே தொலைபேசி எண்ணும். மூன்று நாள் மிஷினை மூடிவைத்துவிட்டு ஒவ்வொரு எண்ணாகக் கூப்பிட்டாள். பாதி எண்கள் செத்துப்போயிருந்தன. எடுத்தவர்களிலும் பலர் பார்க்கலாம் என்றார்கள். பார்க்கலாம் என்றால் வரமாட்டேன் என்று அர்த்தம், தைத்த துணியை வாங்க வராதவர்கள் சொல்லும் அதே பார்க்கலாம்.

ஒரே ஒரு எண்ணை மட்டும் அவள் கூப்பிடவில்லை. அது அண்ணனுடையது. பூங்காவுக்கு எதிர் மாடியில் வீடு வாங்கியிருந்த அண்ணன், வாரம் தவறாமல் தெருவில் காரை நிறுத்தி அபராதம் கட்டிக்கொண்டிருந்தார். கார் நிறுத்தம் வேண்டும் என்ற மனுவில் முதல் கையெழுத்து அவருடையது. ஒரு மாதமாகப் பேச்சுவார்த்தை இல்லை.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு நாலு பேர்தான் இருந்தார்கள். பதினொன்றுக்குள் படிக்கட்டு நிறைந்தது. வீட்டில் எட்டுப் பேர் இருந்ததால் பூங்கா விளக்கடியில் படித்துத் தேறிய நர்ஸ் வந்தாள். விபத்துக்குப் பிறகு பெஞ்சுக்குப் பெஞ்சு பிடித்துப் பிடித்து நடக்கப் பழகிய லாரி டிரைவர் வந்தார். பேச வராத மகன் முதன்முதலில் அணிலைப் பார்த்துத்தான் வாய்திறந்தான் என்று சொன்ன தபால்காரர், பாதியில் நிறுத்திக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இதெல்லாம் எழுதணுமா என்று கேட்ட எழுத்தரிடம், எழுதுங்க என்றாள் அதிகாரியம்மா. ஆனால் வயது குறைந்தவர்களையும் பின்னால் குடிவந்தவர்களையும் கழித்துவிட்டாள். தையலக்காவோடு சேர்த்து ஒன்பது தேறியது. அதற்குமேல் யாரும் இல்லை.

அடுத்து மனு கொடுத்த தரப்பு. அண்ணன் எழுந்தார். அண்ணி நாற்காலியிலேயே இருந்தாள். கார் கஷ்டத்தை அவர் கோர்வையாகத்தான் சொன்னார். முடித்ததும் அதிகாரியம்மா வழக்கமான கேள்வியைக் கேட்டாள்.

“நீங்க எப்பவாவது அந்த இடத்தைப் பூங்காவாப் பயன்படுத்தியிருக்கீங்களா?”

அண்ணன் அண்ணியைத் திரும்பிப் பார்த்தார். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். தையலக்கா தலையைக் குனிந்துகொண்டாள். அவர் அதைச் சொல்வதைப் பார்க்க அவளுக்குத் தெம்பில்லை.

“இவகிட்ட என் மனசச் சொன்னது அங்கதான்,” என்றார் அண்ணன் கடைசியில். “முப்பத்தோரு வருஷமாச்சு. மூணாவது பெஞ்சு.”

“நாலாவது,” என்றாள் அண்ணி.

கூடம் கொல்லென்று சிரித்தது. அதிகாரியம்மாவும் உதட்டைக் கடித்துக்கொண்டாள். பத்து என்று எழுதி அடிக்கோடிட்டாள். காலி மனை என்றிருந்ததை அடித்துவிட்டு, மேலே பூங்கா என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, திட்டம் தள்ளுபடி என்று வாய்விட்டுப் படித்தாள். லாரி டிரைவர் கைதட்ட ஆரம்பித்தார். அது படிக்கட்டு வழியாகத் தெருவரைக்கும் போனது.

வாசலில் அண்ணன் அவளுக்காக நின்றுகொண்டிருந்தார்.

“கார எங்கண்ணே விடுவீங்க?”

“வித்துட்டு நடக்கிறேன் போ. உங்கண்ணியும் அதத்தான் சொல்றா.”

அன்று சாயங்காலம் யாரும் நேரே வீட்டுக்குப் போகவில்லை. பெஞ்சுகள் போதாமல் புல்லில் உட்கார்ந்தார்கள். ஆறு மணி வாக்கில் அதிகாரியம்மா கைப்பையோடு கதவருகே வந்து நின்றாள். குனிந்து செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். வெறுங்காலோடு புல்லில் இறங்கி, ஒவ்வொரு அடியாக வைத்து, மரங்களுக்குள் நடந்து போனாள்.