பயில்வானின் இடது காது

ஒரு வாடிக்கையாளரின் காது மடலை இரண்டு விரலால் மடித்துப் பிடித்து, அதன் பின்னாலிருந்த பூனை முடியை அவள் கத்தரித்துக்கொண்டிருந்தபோதுதான் மகள் படியேறி வந்தாள். வெயில் மண்டையைப் பிளக்கிற பிற்பகல். அந்த வெயிலிலும் தொப்பி வைத்த கனத்த சட்டை. தொப்பியைப் புருவம்வரை இழுத்துவிட்டிருந்தாள். எப்போதும் வந்ததும் வராததுமாக அலமாரியைத் திறந்து பிஸ்கட் டப்பாவைத் தேடுகிறவள், இன்று பெஞ்சின் மூலையில் பையை மடியில் வைத்துக்கொண்டு ஒடுங்கி உட்கார்ந்தாள். அவள் எதையோ மறைக்கிறாள் என்று கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருந்த தாய்க்குப் புரிந்துபோயிற்று. ஆனால் கையில் கத்தரி இருக்கும்போது பதறக் கூடாது. வெட்டி முடித்து, கழுத்தில் ஒட்டியிருந்த முடியைத் தூரிகையால் தட்டி, அந்தப் பெண்ணைப் படிவரை போய் வழியனுப்பிவிட்டுத் திரும்பினாள்.

வீட்டில் தாய்க்குப் பயில்வான் என்று பெயர். பேருந்து ஓட்டும் கணவன் வைத்தது. கல்யாணமான புதிதில், ஆள் வரட்டும் என்று அவன் காத்திருக்க, அவள் நிறைந்த கேஸ் சிலிண்டரைத் தோளில் போட்டு மாடிக்குக் கொண்டுவந்து வைத்துவிட்டாள். அன்றே சரணடைந்துவிட்டதாக அவன் இன்றும் எல்லோரிடமும் சொல்வான். பள்ளிக்கூடத்தில் தொடங்கி முழங்கால் கைவிடும்வரை மல்யுத்தமே கதி என்று இருந்தவள் அவள். மல்யுத்தக் களத்தை விட்டு இறங்கியபின் தோள் இளைத்தது, தொடை இளைத்தது, நடையில் இருந்த அகலமும் போயிற்று. இடது காது மட்டும் அந்தக் காலத்தை விட்டு வரவில்லை. உள்மடிப்பெல்லாம் தூர்ந்துபோய், பிசைந்த மாவைக் கைக்குள் வைத்து அழுத்தியதுபோல் இறுகிக் கிடந்தது.

முதன்முதலில் வேலைக்குச் சேர்ந்த அழகு நிலையத்தின் முதலாளியம்மா நல்லவள்தான். நல்லவிதமாகவே சொன்னாள். நம் முகத்தைப் பார்த்துத்தான் வருகிறவர்கள் தங்கள் முகத்தை நம்மிடம் ஒப்படைக்கிறார்கள், அந்தக் காதைக் கொஞ்சம் மூடிக்கொள்ளக் கூடாதா என்றாள். பயில்வான் மூடிக்கொண்டாள். பிறகு சொந்தமாக மாடியில் இரண்டு நாற்காலி போட்டுக் கடை வைத்தபோதும் திறக்கவில்லை. ஊரார் காதையெல்லாம் திறந்துகாட்டி அழகு பார்க்கிறவள், தன் முடியை மட்டும் இடப்பக்கம் தழையவிட்டு, கொண்டை ஊசி குத்தி, காற்றடித்தாலும் அசையாதபடி ஸ்பிரே அடித்துக்கொண்டாள். கணவன் ஒருமுறை அந்தக் காதில் உதட்டை வைத்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கோபித்துக்கொள்ளத் தெரியாத மனிதன், அதன்பின் அந்தப் பக்கமே வரவில்லை.

"தொப்பிய எடு" என்றாள்.

மகள் எடுத்தாள். வலது காதின் மேற்பாதி கருநீலமாகப் பளபளவென்று திரண்டு நின்றது. தொட்டால் வெடித்துவிடும்போல இருந்தது. பயில்வான் குனிந்து பார்த்தாள். எப்போது என்று கேட்டாள். நேற்றுக் காலை மல்யுத்தப் பயிற்சியில் என்று பதில் வந்தது. பயிற்சியாளர் நேற்றே டாக்டரிடம் போகச் சொன்னாராம். இவள்தான் சரி சரி என்று ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டிருக்கிறாள். உள்ளே ரத்தம் கட்டியிருக்கிறது, இப்போதே ஊசியால் இழுத்துவிட்டால் தோல் பழையபடி ஒட்டிக்கொள்ளும், விட்டால் கல்லாக இறுகிவிடும் என்று பயில்வான் படபடவென்று சொல்லிக்கொண்டே கைப்பையைத் தேடினாள். தெருமுனை கிளினிக் மூடுவதற்குள் போய்விடலாம்.

"எனக்குத் தெரியும்மா. தெரிஞ்சுதான் போகல. இது இப்படியே இருக்கட்டும்."

பயில்வான் நின்றாள்.

மகள் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினாள். சேர்ந்து இத்தனை நாளாகியும் ஒரு சுற்றுகூட ஜெயித்ததில்லை. அது அம்மாவுக்குத் தெரியும். அம்மாவுக்குத் தெரியாதது, பள்ளிக்கூடத்தில் இவள் மல்யுத்தம் செய்கிறாள் என்றால் யாரும் நம்புவதில்லை என்பது. கையைத் தூக்கிப் பிடித்து, இதில் பலம் எங்கே இருக்கிறது என்று கேட்பார்களாம். எவ்வளவு தண்டால் எடுத்தாலும் உடம்பில் ஒன்றும் ஒட்டவில்லை. கண்ணாடியில் பார்த்தால் யாரோ நோஞ்சான் நிற்கிறாள். நேற்றுதான் முதல்முறையாக, உடை மாற்றும் அறைக் கண்ணாடியில் ஒரு மல்யுத்தக்காரி தெரிந்தாளாம்.

"இதுவாவது இருக்கட்டும்மா" என்றாள்.

"பைத்தியமாடி உனக்கு? காலம் பூரா சுமக்கணும். அசிங்கம்."

வாய்தவறி வந்த சொல் அல்ல அது. இத்தனை வருடமாக உள்ளேயே கிடந்தது, கதவு திறந்ததும் வந்துவிட்டது. மகள் நிமிர்ந்தாள்.

"அப்ப உன் காது அசிங்கமாம்மா?"

கீழே தெருவில் ஏதோ வண்டி ஹாரன் அடித்துக்கொண்டே போயிற்று. ஆமாம் என்று சொல்லத்தான் பயில்வான் வாயெடுத்தாள். அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல முடியவில்லை.

"நான் சரியா பாத்ததே இல்ல" என்றாள் மகள்.

பயில்வான் கதவைச் சாத்தினாள். வாடிக்கையாளர் நாற்காலியில், தான் ஒருநாளும் உட்காராத நாற்காலியில், போய் உட்கார்ந்தாள். மகள் பின்னால் வந்து நின்று ஊசிகளை ஒவ்வொன்றாக உருவிக் கிண்ணத்தில் போட்டாள். ஸ்பிரேயில் விறைத்திருந்த முடி லேசில் பிரியவில்லை. விரலால் கோதிக் கோதிப் பிரித்து மேலே தூக்கினாள். பயில்வான் கண்ணை மூடிக்கொண்டாள். ஒரு விரல் காதின் விளிம்போடு மெதுவாகப் போய், மேடுகளில் ஏறி, குழியில் இறங்கிற்று. காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதுபோல இருந்தது.

"ஃபைனல்ல ஜெயிச்சப்பவா வந்துச்சு?"

பயில்வான் கண்ணைத் திறந்தாள். "யாரு சொன்னது?"

"அப்பா."

"உங்கப்பாவுக்கு என்ன தெரியும்? தோத்த மேட்ச்டி. என்னைவிட ரெண்டு மடங்கு இருந்தா அவ. தலைய அக்குள்ள வச்சு அமுக்கிட்டா. நான் விடவும் மாட்டேன், வெளிய வரவும் தெரியல. அப்படியே தேச்சு எடுத்துட்டா."

மகளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்து முடியாமல் குலுங்கினாள். பயில்வானுக்கும் தொற்றிக்கொண்டது. அந்தப் பெண்ணின் வியர்வை நாற்றம்கூட நினைவில் இருப்பதாகச் சொல்லி, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். சிரிப்பு ஓய்ந்தபோது மகளின் கை இன்னும் அந்தக் காதின் மேலேயே இருந்தது. அதை எடுத்துவிட வேண்டும் என்று பயில்வானுக்குத் தோன்றவில்லை.

"காது உன்னோடது" என்றாள். "நான் இழுத்துட்டுப் போக மாட்டேன். ஆனா ஒண்ணு. இது வேணும்னா அப்புறம் எப்ப வேணா வரும். தோக்கத்தான் இன்னும் எவ்வளவோ காலம் கெடக்கே. வந்தது போகத்தான் போகாது."

மகள் கண்ணாடியில் தன் காதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். இப்படித் திரும்பினாள், அப்படித் திரும்பினாள். விட்டுக்கொடுக்க மனமில்லாத பொருளைத் திருப்பிக் கொடுக்கிறவள்போல உதட்டைக் கடித்தாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு, ஊசி ரொம்ப வலிக்குமா என்று கேட்டாள்.

பாதித் தெரு தாண்டியபின்தான் பயில்வானின் கை தலைக்குப் போயிற்று. முடியை மகள் ரப்பர் பேண்டு போட்டுத் தூக்கிக் கட்டியிருந்தாள். திரும்பிப் போனால் கிளினிக்கை மூடிவிடுவார்கள். செருப்புக் கடைக்காரர் பார்த்தார். எதிரே வந்த ஒருத்தி பார்த்துவிட்டு மறுபடி பார்த்தாள். கன்னம் சுட்டது. ஆனாலும் பயில்வான் நடையை எட்டிப் போட்டாள்.

டாக்டரம்மா அதிகம் பேசாதவர். மரத்துப்போக ஒரு ஊசி, பிறகு இழுக்க ஒரு ஊசி. கறுத்த ரத்தம் குழலில் ஏறியபோது மகள் தாயின் மணிக்கட்டைப் பற்றினாள். நல்ல பிடி. இந்தப் பிடியை வைத்துக்கொண்டா தோற்கிறாள் என்று பயில்வானுக்கு ஆச்சரியமாக இருந்தது. பஞ்சை வைத்து இறுக்கித் தலையைச் சுற்றிக் கட்டுப்போட்டுவிட்டு, மறுபடி நிறையலாம், நிறைந்தால் உடனே வரவேண்டும் என்றார் டாக்டரம்மா. கை கழுவிக்கொண்டே பயில்வானின் காதை ஒருதரம் பார்த்தார்.

"உங்களுக்கு அப்பவே எடுக்கலையா?"

"அப்ப யாரும் சொல்லலைங்க."

வெளியே வெயில் தணிந்திருந்தது. வீட்டுப்பக்கமாக நடந்தார்கள். மகள் ஏதோ சொன்னாள். பயில்வானுக்குக் கேட்கவில்லை. இடது காது என்றுமே கொஞ்சம் மந்தம். என்ன என்று கேட்டாள். கட்டுக்குள் இருந்த வலது காதில் அது மகளுக்கும் விழவில்லை. அவளும் என்ன என்றாள். நடைபாதையில் நின்று இருவரும் ஒருவர் வாயை ஒருவர் பார்த்தார்கள். பிறகு பயில்வான் மகளைத் தோளைப் பிடித்துச் சுற்றி மறுபக்கத்துக்குக் கொண்டுவந்தாள். நல்ல காதும் நல்ல காதும் பக்கத்தில் பக்கத்தில் வர, மகள் விட்ட இடத்திலிருந்து பேச்சை எடுத்தாள்.