தலைகீழ்ச் சேவல்

ஜெடிடையா குரோக்கர் 'கிளாரியன்' பத்திரிகையில் எழுதிய தலையங்கங்களின் சூட்டில், மாநிலத் தலைநகரில் பாதி வீடுகள் அந்தக் குளிர்காலத்துக்கு விறகே வாங்கவில்லை. அத்தனை சூடும் கர்னல் அசாஃப் விண்டிலை செனட்டராக்கி வாஷிங்டனுக்கு அனுப்பத்தான்.

அந்தக் காலத்தில் செனட்டரைத் தேர்ந்தெடுப்பது மாநிலச் சட்டசபைக்காரர்கள். அவர்களோ சரிபாதியாகப் பிரிந்து முட்டிக்கொண்டு நின்றார்கள். பெயர் கூப்பிட்டுக் கூப்பிட்டே சபைக் குமாஸ்தாவின் தொண்டை தேய்ந்து, கடைசியில் வெறும் காற்றுதான் வந்தது.

எதிர்க்கட்சிப் பத்திரிகையான 'ஈகிள்' ஆசிரியர் லெமுவல் ஸ்டப்ஸ் சும்மா இருப்பாரா? சீண்டிக்கொண்டே இருந்தார். தாங்காமல் குரோக்கர் அச்சிலேயே சவால் விட்டார்: "கர்னல் தோற்றால் கிளாரியனை இழுத்து மூடுவேன். ஸ்டப்ஸைத் தள்ளுவண்டியில் உட்காரவைத்துக் கடைவீதி முழுக்க நானே தள்ளுவேன்." கர்னல் ஜெயித்தால் குரோக்கரை உட்காரவைத்துத் தானே வண்டி தள்ளுவதாக ஸ்டப்ஸ் மறுநாளே பதில் போட்டார். அச்சேறிய வார்த்தை. இனி இருவராலும் நழுவ முடியாது.

"சேவலை எடு, ஃபிலேனா!" என்றார் குரோக்கர் மனைவியிடம். அச்சுக்கு எழுத்துக் கோப்பது அவள் வேலை.

ஜெயித்த கட்சிப் பத்திரிகை முதல் பக்கத்தில் கூவுகிற சேவலைப் போடும். தோற்றால் அந்தச் சேவல் செதுக்கிய அதே மரக்கட்டையைக் கால் மேலே, தலை கீழே திருப்பிப் போடும். அது செத்த சேவல். அந்த ஊரில் தொட்டில் குழந்தைக்கும் இது தெரியும்.

"ஓட்டே இன்னும் போடலையேங்க!"

"போடறதுக்கு முன்னாடியே கூவிட்டா, ஊசலாடுற பயலுக நம்ம பக்கம் ஓடி வந்துடுவானுக!"

"முட்டை போடாத கோழிக்குக் கொக்கரிப்பு வேறயா?" என்றபடியே அவள் சேவல் கட்டையை முதல் பக்கத்தில் பொருத்திவிட்டு மை கலக்கப் போனாள்.

பக்கம் கோத்து வைத்திருந்த அச்சுக்கல்லை குரோக்கர் எட்டிப் பார்த்தார். சேவல் காலைத் தூக்கிக்கொண்டு கிடந்தது! அச்சுக்கல்லில் பக்கமே கோப்பவருக்குத் தலைகீழாகத்தான் தெரியும் என்பது அந்தப் பதற்றத்தில் அவருக்கு மறந்தே போனது. "கெட்டது குடி!" என்று அவரே திருப்பி, நிமிர்த்தி வைத்து இறுக்கினார். அச்சும் ஓடியது.

காலையில் ஓட்டல் வாசலில் பத்திரிகையைப் பிரித்த ஸ்டப்ஸ் போட்ட கூச்சலில், அங்கே கட்டியிருந்த குதிரைகள் மிரண்டோடி ஆற்றுக்கு அக்கரையில் போய்த்தான் நின்றன.

"செத்துப்போச்சுய்யா சேவல்! குரோக்கரே தோல்விய ஒத்துக்கிட்டான்! வாங்கய்யா, சிப்பியும் விஸ்கியும் என் செலவு!"

எதிர்க்கட்சி உறுப்பினர்கள் கூட்டமாக உள்ளே நுழைந்தார்கள். அவர்கள் தின்று போட்ட சிப்பி ஓடுகளில் ஒரு மாதா கோவிலே கட்டலாம்.

குரோக்கரோ தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "என் கையாலயே என் பத்திரிகைக்குக் குழி தோண்டிட்டேனே, ஃபிலேனா!"

"தோண்டினது போதும். தொப்பியப் போட்டுக்கிட்டு சபைக்குப் போங்க. ஓட்டு இன்னும் பாக்கியிருக்கு."

போனார். பார்வையாளர் மாடத்தில் நின்று எட்டிப் பார்த்தவருக்குக் கண்ணை நம்ப முடியவில்லை. எதிர்வரிசையில் பாதி நாற்காலி காலி! குமாஸ்தா பெயர் கூப்பிட்டார். பதில் இல்லை. அடுத்த பெயர், அதற்கும் பதில் இல்லை. ஓட்டலுக்கு ஆள் ஓடினான். அங்கிருந்தவர்கள் எழுந்தார்கள், எழுந்த வேகத்தில் மறுபடி உட்கார்ந்தார்கள். அதற்குள் சபாநாயகரின் சுத்தியல் விழுந்துவிட்டது. கர்னல் விண்டில் செனட்டர்!

குரோக்கர் வீசிய தொப்பி இன்றுவரை கீழே வரவில்லை.

மத்தியானம் கடைவீதியில் பித்தளை வாத்தியம் முழங்க, தள்ளுவண்டியில் உயிருள்ள சேவலை மடியில் வைத்துக்கொண்டு ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தார் குரோக்கர். மூச்சிரைக்கத் தள்ளிக்கொண்டு வந்தார் ஸ்டப்ஸ். பக்கத்தில், மை படிந்த கையோடு ஃபிலேனா.

"யோவ் குரோக்கரு, உண்மையச் சொல்லு. வேணும்னேதானே தலைகீழாப் போட்டே?"

"பின்னே? இருபது வருஷமா அச்சாபீஸ்ல இருக்கேன். எனக்குத் தலை எது, கால் எதுன்னு தெரியாதா?"

ஃபிலேனா இருமினாள். பக்கத்து மாவட்டம்வரை ஜன்னல்கள் அதிர்ந்தன.

"குழி இருக்கு, பாத்துத் தள்ளுய்யா ஸ்டப்ஸு!" என்றார் குரோக்கர் அவசரமாக. மடியிலிருந்த சேவல் கழுத்தை நீட்டி, ஊரே கேட்கக் கூவியது.