பதினான்கு நாள் நோயாளி

அந்தச் சலவைக் கடையில் அவளுக்குக் கறையக்கா என்று பெயர். இஸ்திரி போட நாலு பேர் இருந்தார்கள், மடித்து அடுக்க இரண்டு பேர். கறை என்று வந்துவிட்டால் அவள் ஒருத்திதான். பதினெட்டு வருடமாக ஜன்னலோரத்தில் அதே மேசை.

அவளிடம் ஒரு வழக்கம் உண்டு. துணியைத் தொடுவதற்கு முன்னால் இது என்ன கறை என்று கேட்பாள். கேட்டுவிட்டு, வந்த பதிலை நம்பமாட்டாள். வெறும் தண்ணீர்தான் என்பார்கள். வெளிச்சத்தில் பிடித்தால் டீ. டீ என்பார்கள், மோந்து பார்த்தால் வேறு சமாச்சாரம். மறுத்து ஒரு வார்த்தை பேசமாட்டாள். சரிங்க என்று தலையை ஆட்டிவிட்டு, தான் கண்டதைச் சீட்டில் எழுதிக்கொள்வாள்.

அப்பேர்ப்பட்டவள் ஏமாந்து போனாள், கண்ணுகளா. அதுவும் கட்டின புருஷனிடம்.

இயற்கை மருத்துவத்தில் பட்டம் படிக்கவேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. பள்ளிக்கூடத்தில் கணக்குப்பதிவியல் எடுத்தவள். உடம்புக்குள் எது எங்கே இருக்கிறது என்று யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. அந்த மாதிரி ஆட்களுக்காகவே ஒரு வருட ஆன்லைன் வகுப்பு இருந்தது. அதில் தேறினால் கல்லூரியில் இடம். தேறாவிட்டால் அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஆறுதல் சொல்ல வழியில்லை, அடுத்த வருடம் வயது வரம்பைத் தாண்டிவிடுவாள்.

எனவே விழுந்து விழுந்து படித்தாள். சாப்பாட்டு நேரத்தில் போர்வைக் குவியலில் போனைச் சாய்த்து வைத்துப் பாடம் கேட்டாள். தொங்குகிற கோட்டுகளின் மேல் எலும்புகளின் பெயரைச் சொல்லிச் சொல்லி மனப்பாடம் செய்தாள். ஒரு நாள் இஸ்திரிக்காரரிடம், "அண்ணே, அந்த விலா எலும்பை எடுத்து அந்தப் பக்கம் மாட்டுங்க" என்று சொல்லிவிட்டாள். மனுஷன் அன்று முழுவதும் அவள் பக்கம் திரும்பவே இல்லை.

மாடி வீட்டில் அவளுடைய நாத்தனார், புருஷனுக்கு மூத்தவள்.

"இந்த வயசுல டாக்டராகி யாருக்கு ஊசி போடப்போற?" என்றாள்.

"இதுல ஊசியே கிடையாது அண்ணி."

"ஊசி கிடையாதா? அப்புறம் எவன் பயப்படுவான் உனக்கு?"

புருஷன் லிப்ட் மெக்கானிக். எது மக்கர் செய்தாலும் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டால் ஓடும் என்று நம்புகிறவர். ஆனால் பெண்டாட்டியின் படிப்பு என்றால் உயிர். கடைசிப் பயிற்சியாக ஒரு மனிதரைப் பதினான்கு நாள் கவனித்து, என்ன தின்கிறார், குடிக்கிறார், எப்போது தூங்குகிறார், காலையில் நாக்கு எப்படி இருக்கிறது என்று எழுதி அனுப்பவேண்டும் என்றபோது, கேட்பதற்கு முன்பே நான் இருக்கிறேன் என்றார்.

அவள் ஆறு மணிக்கே கடைக்குக் கிளம்புகிறவள். அவர் எழுந்திருப்பதே ஏழுக்கு. அதனால் தினமும் தானே ஒரு நோட்டில் எழுதி வைத்தார். அவள் அதை அழகாகத் தட்டச்சு செய்து அனுப்பினாள்.

இரண்டு நாளில் ஆன்லைன் வகுப்பு டீச்சரிடமிருந்து பதில் வந்தது. "இப்படி ஒரு மனிதர் இருந்தால் நான் நேரில் வந்து கும்பிட ஆசைப்படுகிறேன். பதினான்கு நாளும் வேகவைத்த காய், வெந்நீர், ரோஜா நிற நாக்கு. ஒரு டீ கூடக் குடிக்காத லிப்ட் மெக்கானிக் எந்த ஊரில் இருக்கிறார்? இது நீங்கள் பார்த்து எழுதியதா, அவர் சொல்லி எழுதியதா? ஒரு வாரம் தருகிறேன். உண்மையான பதிவு வராவிட்டால் தேர்ச்சி இல்லை."

வீட்டுக்கு வந்தவள் நேராகக் குளியலறைக்குப் போனாள். அவருடைய வேலைச் சட்டை வாளியில் கிடந்தது. ஊரார் துணியை எல்லாம் புரட்டிப் பார்த்தவள், சொந்த வீட்டு வாளியை ஒருநாளும் பார்த்ததில்லை. எடுத்தால் நேரே மெஷின்தான். அன்றைக்கு ஜன்னலோரம் கொண்டுபோய் விரித்தாள்.

வாயைச் சட்டைக் கை நுனியில் துடைப்பது அவருடைய பழைய பழக்கம். அங்கே மூன்று டீ, ஒன்றின் மேல் ஒன்றாக விளிம்பு கட்டியிருந்தது. பையில் கிரீம் பிஸ்கட் தூள். இரண்டாவது பொத்தானுக்குக் கீழே எண்ணெய். லிப்ட் எண்ணெய் கறுப்பு. இது மஞ்சள், வறுத்த உருளைக்கிழங்கு. முதுகில் ஒரே பக்கமாகச் சிமெண்டுத் தூசி. லிப்ட் மெஷின் அறையில் மதியத் தூக்கம்.

அவள் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. கடை வழக்கம் அதுதானே. இன்னும் ஒரு வாரம் எழுதித்தர முடியுமா என்று மட்டும் கேட்டாள். தாராளமாக என்றார்.

அந்த வாரம் ஒரு சட்டை கூட அவள் பார்க்காமல் மெஷினுக்குப் போகவில்லை. தனக்கென்று வேறொரு நோட்டு எடுத்து, நடுவே கோடு போட்டு, இடது பக்கம் அவர் சொன்னது, வலது பக்கம் சட்டை சொன்னது என்று எழுதினாள். செவ்வாய் இடது பக்கம் வெள்ளரிக்காய் என்றது, வலது பக்கம் கிரீம் பன் என்றது. வியாழக்கிழமை காலரில் சாக்லேட் கேக். அந்தக் கேக் மாடி வீட்டில் மட்டும்தான் செய்வார்கள் என்பதால் அண்ணியும் வழக்கில் சேர்ந்துகொண்டாள்.

ஞாயிறு மதியம் டீச்சர் போன் திரையில் வந்தார். நோயாளியோடு பேசவேண்டுமாம். நோயாளி தலைவாரி, கழுத்துப் பொத்தான் வரை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டீச்சர் கும்பிடவில்லை. ஒரு நாளைக்கு எத்தனை டீ என்று கேட்டார்.

அவர் பெண்டாட்டியைப் பார்த்தார். அவள் நோட்டை அவர் மடியில் வைத்தாள். வலது பக்கத்தை மேலிருந்து கீழ் வரை வாசித்தார்.

"நான் கண்டதையும் தின்னேன்னு எழுதினா, சொந்தப் புருஷனையே ஒழுங்கா வச்சுக்கத் தெரியலேன்னு உனக்கு மார்க்கைக் குறைச்சிருவாங்கன்னு நெனச்சேன்" என்றார். "நான் நல்ல நோயாளியா இருந்தா நீ பாஸாயிடுவேன்னு."

அவள் எட்டி அவருடைய கழுத்துப் பொத்தானைக் கழற்றிவிட்டாள்.

"மார்க் நோயாளிக்கு இல்ல சார், பார்க்கிறவங்களுக்கு" என்றார் டீச்சர். "இப்பவாவது சொல்லுங்க. எத்தனை டீ?"

"ஆறு."

"நான் நாலுன்னு எழுதியிருக்கேனே" என்றாள் அவள்.

"ரெண்டு சிந்தாம குடிச்சேன்."

டீச்சர் திரையை விட்டு வெளியே சாய்ந்து சிரித்தார். திரும்பி வந்ததும், அதையும் எழுதி, இரண்டு பக்கத்தையும் அப்படியே அனுப்பச் சொன்னார்.

பத்தாம் நாள் முடிவு வந்தது. தேர்ச்சி. கீழே ஒரு குறிப்பு: தவறவிட்ட இரண்டு டீக்காக இரண்டு மதிப்பெண் குறைக்கப்பட்டது.

கல்லூரி விண்ணப்பத்தை அவள் மேசையில் வைத்து நிரப்பிக்கொண்டிருந்தபோது, அவர் ஒளிவுமறைவில்லாமல் ஒரு டம்ளர் டீயோடு வந்து எதிரே உட்கார்ந்தார். கடைசி வாய் வரை நிதானமாகக் குடித்தார். பிறகு சட்டைக் கை நுனியில் வாயைத் துடைத்து, அந்தக் கையை விண்ணப்பத்தின் மேல் படாமல் அவள் பக்கம் நீட்டினார்.

"ஒண்ணு" என்றார். "எழுதிக்க."