தணியும் வேகம்

"விசிறியை நிறுத்துங்ணா, ஒரே ஒரு மணி நேரம்—"

"நிறுத்துனா கொழுந்து வெந்து போயிரும்ங்கிறேன்—"

"—அதுக்குள்ள நட்சத்திரம் மலைக்குப் பின்னால போயிருமுங்க!"

"போனா போகட்டும். நாளைக்கு வராதா?"

எமரால்டு பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலையின் பக்குவத்துக்குப் பொறுப்பான டீமேக்கர் ராஜரத்தினம் சுவிட்சுப் பெட்டியை முதுகால் மறைத்துக்கொண்டு நின்றார். எதிர்க்குன்றின் ரேடியோ தொலைநோக்கியிலிருந்து ஜீப்பில் வந்து இறங்கிய இந்துவுக்கு இன்னும் மூச்சு வாங்கியது.

"நாளைக்கு வருமுங்க. ஆனா இன்னிக்கு நடந்தது இனி ரெண்டு மூணு வருசத்துக்கு நடக்காது. உங்க சுவிட்சுல பறக்கற பொறி எங்க கருவியில கரகரன்னு விழுகுது. பகல்லயும் ரேடியோவுல கேக்கற நட்சத்திரத் துடிப்பு, இப்ப கேக்கவே இல்லீங்க."

"பொறி பறக்குறது எனக்குத் தெரியாதா? புதுசு வேணும்னு நாலு தடவை கேட்டாச்சு. மொதல்ல தேயிலை விக்கட்டும்ங்கிறாரு மொதலாளி. போன மாசம் ஏலத்துக்குப் போன சரக்கு, வெந்த வாடைன்னு திரும்பி வந்துச்சு. இன்னொரு தடவை வந்தா பூட்டிருவேன்னுட்டாரு. சிலோன்லருந்து அனுப்பிவிட்ட நாங்க எங்க போறது, திரும்பக் கண்டிக்கா?"

வாட்டுத் தொட்டிகளில் ஒரு சாண் உயரத்துக்குக் கொழுந்து பரப்பியிருந்தது. அடியிலிருந்து விசிறிக் காற்று ஏறிக்கொண்டிருந்தது. கொழுந்து புரட்டிக்கொண்டிருந்த சின்னம்மை நிமிர்ந்தாள்.

"நட்சத்திரத்துக்கு என்னா, வயித்து வலியா?"

"கிட்டத்தட்ட அப்படித்தானுங்க்கா. சூரியனை விடப் பெரிய பாரம். அகலம் பார்த்தா இங்கிருந்து ஊட்டி வரைக்குந்தான். அவ்வளவையும் ஒரே உருண்டையா அமுக்கி வெச்சிருக்குது."

"அமுக்குனா நடுவுல வெந்துரும்," என்றார் ராஜரத்தினம். "கொழுந்து மூட்டையில பாத்ததில்லியா? மேல பச்சை, உள்ளாற செவப்பு."

"அங்க வேகுதா, வழுக்கிட்டு ஓடுதா, நாம பார்க்காத வேற ஒண்ணா மாறிருச்சா, யாருக்கும் தெரியாதுங்ணா. காலைல உள்ளே இருக்கறது மேல் ஓட்டுக்கு ஒரு தள்ளுக் குடுத்துருச்சு. நட்சத்திரம் சுத்தற வேகம் கூடிருச்சு. இப்ப தணிஞ்சுட்டு வருது. அது தணியற வேகந்தான் உள்ளே என்னன்னு காட்டிக்குடுக்கும்."

ராஜரத்தினம் தொட்டிக்குள் கையை விட்டுப் பார்த்தார்.

"மழைக் கொழுந்து. மூட்டையில வரும்போதே சூடு. விசிறி நின்னா கையால புரட்டிக்கிட்டே இருக்கணும். பாதி ஆளை நிறுத்தியாச்சு. நாலு தொட்டிக்கு நாங்க ரெண்டே பேரு."

"நானும் புரட்டறேனுங்க."

"துப்பட்டாவை இடுப்புல கட்டு. அரை மணி நேரம். மேல ஒரு நிமிசமும் கெடையாது."

விசிறி நின்றதும் கட்டடமே செவிடானது போலிருந்தது. மூவரும் புரட்டினார்கள். அடிக் கொழுந்தை அள்ளி மேலே கொண்டுவருவது லேசான வேலையாக இல்லை. இந்துவின் முழங்கை வரை பச்சைச் சாறு ஒட்டியது.

"ரொட்டிக்கு மாவா பிசையிற?" என்றாள் சின்னம்மை. "ஒதறிப் போடு புள்ள."

அலுவலக மேசையில் தொலைபேசி மணி அடித்தது. இந்து ஓடினாள். தொலைநோக்கியில் அவளோடு வேலை செய்யும் கதிர்.

"துடிப்பு சுத்தமா விழுகுது இந்து! ஆனா நாம நினைச்சதை விட மெதுவாத் தணியுது. இன்னும் இருபது நிமிசம் வேணும். இப்ப விட்டா எதையுமே உறுதியாச் சொல்ல முடியாது."

"அரை மணி ஆச்சு," என்றார் ராஜரத்தினம், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி.

"இன்னும் இருபது நிமிசமுங்ணா!"

"அண்ணே," நாலாவது தொட்டியிலிருந்து சின்னம்மை கத்தினாள். "இங்க அடியில சுடுது!"

ராஜரத்தினம் அங்கே போய்க் கையை விட்டார். ஒரு பிடி அள்ளிக்கொண்டு வந்து இந்துவின் உள்ளங்கையில் வைத்தார். காய்ச்சல்காரரின் கழுத்தைத் தொட்டது போலிருந்தது. ஓரிரண்டு காம்புகள் சிவக்கத் தொடங்கியிருந்தன.

"இந்து? என்ன சொல்றாங்க? இந்து?" என்றது தொலைபேசி.

ராஜரத்தினம் சுவிட்சின் மேல் கையை வைத்தார். ஆனால் போடவில்லை. அவளைத் திரும்பிப் பார்த்தார்.

"கொழுந்து குடுத்த தோட்டக்காரங்க நாலு மணிக்குக் காசுக்கு வருவாங்க. கொழுந்து ஏன் வெந்துச்சுன்னு கேட்டா, நீ இங்க நின்னு சொல்றியா புள்ள?"