நாலாவது படகு

மெட்ராஸில் எம்.காம். படித்துக்கொண்டிருந்த மெட்டில்டா, எழுபத்தேழாம் வருஷக் கோடை விடுமுறையில் ஒரு வங்கியில் பயிற்சிக்குச் சேர்ந்தாள். கம்பெனிகளின் பங்குகளைப் பொதுமக்களுக்கு விற்றுத் தரும் பிரிவு அது. தூத்துக்குடி இறால் கம்பெனி ஒன்றின் சொத்துக்களைச் சரிபார்க்க, அதிகாரி பத்மநாபன் அவளையும் கூட்டி வந்திருந்தார். அவளுக்கு அது சொந்த ஊர்.

கம்பெனி முதலாளி தன்னுடைய விசைப்படகுகள் என்று மீன்பிடித் துறைமுகத்தில் நான்கைக் காட்டினார். நாலாவதைப் பார்த்ததும் மெட்டில்டா நின்றுவிட்டாள். புதுப் பெயிண்டும் கம்பெனி பெயரும் இருந்தாலும், அது அவள் தாய்மாமா வில்பிரட்டின் படகு. மாதா கோயில் சாமியார் வந்து ஜெபம் சொல்லி அதை மந்திரித்த அன்று அவளும் அதில் ஏறிப் போயிருக்கிறாள். மேல்தட்டில் மாமாவே நின்றார். அவளைக் கண்டு முகம் வெளிற, சொல்லிவிடாதே என்பதுபோல் தலையசைத்தார்.

"நாலும் சரிதானேம்மா?" என்றார் பத்மநாபன்.

மெட்டில்டா சரி என்றால், அதை நம்பி முகம் தெரியாத யார் யாரோ பங்கு வாங்குவார்கள்.

"இல்ல சார். இது எங்க மாமா படகு."

"பிள்ளை படகை மாத்திச் சொல்லுது," என்று முதலாளி சிரித்தார். பத்மநாபன் மாமாவைப் பார்த்தார். மாமா குனிந்துகொண்டார். பத்மநாபனுக்கு அதுவே போதும்; கோப்பை மூடினார், அத்தோடு பங்கு வெளியீடு நின்றது.

கார் வரை பின்னாலேயே வந்தார் மாமா.

"ஏளா, எங்க இறாலை விலைக்கு எடுக்கிறதே அந்த முதலாளிதான். இனி யாருகிட்ட கொண்டு போவேன்?"

"தெரியல மாமா."

அவர் திட்டவில்லை. வீட்டுக்குச் சாப்பிட வா என்றும் கூப்பிடவில்லை.