பதினோராம் பாரம்

தைத்து முடித்த புத்தகங்களை முத்துமாரி மறுபடியும் பிரித்துக்கொண்டிருந்தாள். பிளேடின் முனையால் முதுகுப் பக்க நூலை அறுத்து, ஒன்றாக மடித்த பக்கங்களின் கட்டான பாரங்களில் பதினோராவதை மட்டும் உருவித் தரையில் போட வேண்டும். மிச்சமிருக்கும் தாள்களைத் தட்டிச் சேர்த்து மறுபடி தையலுக்கு அனுப்ப வேண்டும். வழவழப்பான ஆர்ட் பேப்பரின் ஓரம் விரல் நுனிகளைக் கீறிக்கொண்டே இருந்தது. எதிரில் உட்கார்ந்திருந்த ராக்காயி விரல்களில் சைக்கிள் டியூப் துண்டுகளை மாட்டியிருந்தாள்.

"தைக்கச் சொன்னதும் அவுகதான், பிரிக்கச் சொல்றதும் அவுகதான். தைக்குறதுக்கு முந்தியே சொல்லித் தொலைச்சா என்ன?" என்றாள் ராக்காயி.

"யாருகிட்டப் போயிக் கேக்க?"

"பிரிக்கிறதுக்குக் கூலி உண்டான்னாவது கேளு. உன் வீட்டுக்காரரு மேஸ்திரிகூட நல்லாத்தான பேசுதாரு."

முத்துமாரி அடுத்த புத்தகத்தின் நூலை அறுத்தாள். கூலி கிடையாது என்று மேஸ்திரி அய்யாதுரை காலையிலேயே சொல்லியிருந்தார்.

சிவகாசிக்கு வெளியே, விருதுநகர் சாலையில் இருந்த அந்த அச்சகத்துக்கு அது காலண்டர் சீசன். ஆனாலும் முதலாளி கனகசபாபதி மற்ற ஆர்டரையெல்லாம் தள்ளிவைத்துவிட்டு இந்தப் புத்தகத்தைக் கையில் எடுத்திருந்தார். தூத்துக்குடித் துறைமுகத்தின் வரலாறு. அந்த ஊரில் கப்பல் ஏஜென்ட் தொழில் செய்யும் பழைய குடும்பம் ஒன்று, தங்கள் கம்பெனியின் விழாவுக்காக ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவரைக் கொண்டு எழுதச் செய்தது. ஞாயிற்றுக்கிழமை விழா. மந்திரி வருகிறார்.

தாள் அடுக்கும்போது கண்ணில் பட்டதையெல்லாம் வாசிக்கும் பழக்கம் முத்துமாரிக்கு உண்டு. காலில் கல்லைக் கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்கும் முத்துக்குளிப்பவர்கள், போர்ச்சுக்கீசியர் காலத்துக் கோயில், டச்சுக்காரர்களின் கல்லறைகள் என்று பக்கத்துக்குப் பக்கம் படங்கள். கரிசக்காட்டுப் பருத்தியை ஏற்றிக்கொண்டு கடற்கரைக்குப் போகும் மாட்டுவண்டிகளின் படம் ஒன்று இருந்தது. விருதுபட்டி, சாத்தூர் என்று அதன் கீழே தன் சுற்றுவட்டார ஊர்ப்பெயர்களைப் பார்த்ததும் அந்தத் தாளைச் சற்று நேரம் கையிலேயே வைத்திருந்தாள்.

பதினோராம் பாரத்தில் மாட்டுவண்டிகளும் கோயில்களும் இல்லை. தலையில் மூட்டையோடு கரையில் நிற்கும் ஆண்களும் பெண்களும்தான் இருந்தார்கள்.

மத்தியானம் ஜெனரேட்டர் ஷெட்டின் நிழலில் உட்கார்ந்து சாப்பிடும்போது அவள் புருஷன் சுந்தரபாண்டி கேட்டான். அவன் அங்கே கட்டிங் மிஷின் ஓட்டுகிறான். பல வருடமாக ஓட்டினாலும் காண்ட்ராக்ட் ஆள்தான்.

"அப்படி என்னத்த எளுதியிருக்கு அதுல? உருவி எறியச் சொல்றாக?"

"அந்தக் காலத்துல கப்பலு கரைக்கு வராதாம். ஆளம் பத்தாதுன்னு தூரத்துலயே நிக்குமாம். தோணியில மூட்டைய ஏத்திக் கொண்டுபோயி கப்பல்ல ஏத்தணும். ஒருக்கா அடைமழை. இதுக்கு மேல ஏத்தாதீகன்னு தோணிக்காரரு கையெடுத்துக் கும்பிட்டிருக்காரு. ஏஜென்ட்டு கேக்கல. நடுக்கடல்ல தோணி கவுந்து சுமைக்காரவுக அம்புட்டுப் பேரும் போயிட்டாக."

"அடப்பாவமே."

"கோர்ட்டுல கம்பெனி என்ன சொல்லிச்சு தெரியுமா? எங்க வேலைக்கு அவுக போகல, தோணியத் திருட்டுத்தனமா எடுத்துட்டு மீன் பிடிக்கப் போயிருக்காகன்னு எளுதிக் குடுத்துட்டாக. இப்ப புஸ்தகம் போடுறாகள்ல, அவுக தாத்தா கம்பெனிதான் அது."

சுந்தரபாண்டி சோற்றை உருட்டியபடி யோசித்தான். "எப்பவோ செத்தவுக. இப்ப யாரு வந்து கேக்கப் போறா?"

"யாரும் கேக்கமாட்டாகன்னா எதுக்கு உருவச் சொல்றாக?"

அவன் சிரித்தான். "நீ டீச்சரு வேலைக்குப் போயிருக்கணும்" என்று சொல்லிவிட்டுத் தூக்குவாளியைக் கழுவப் போனான்.

மூன்று மணிக்கு மேல் அய்யாதுரை இருப்புக்கொள்ளாமல் அலைந்தார். பிரித்துத் தைத்து வந்த புத்தகங்கள் கட்டிங் மிஷின் பக்கம் ஆள் உயரத்துக்கு அடுக்கிக் கிடந்தன. அந்த மிஷினில் இரண்டு கையாலும் இரண்டு பட்டனை ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் கத்தி இறங்கும். புதிதாகத் தைத்த புத்தகங்கள் சரியாகப் படியாமல் வழுக்கின. ஒவ்வொரு தடவையும் புத்தகக் கட்டை நேராக்கி, கையை எடுத்து, பட்டனை அமுக்குவதற்குள் அவை மறுபடி நகர்ந்தன.

"இப்படி வெட்டினா தீபாவளிக்குத்தான் லோடு போகும்" என்றார் அய்யாதுரை. "ஒரு பட்டன்ல அட்டையச் சொருகிவிடு, அது அமுங்கியே கெடக்கட்டும். ஒரு கையால கட்டப் பிடிச்சிக்கிட்டு ஒரு கையால அமுக்கு."

"வேணாம் மேஸ்திரி. விளையாட்டு இல்ல இது."

"முதலாளி மேலருந்து பாத்துக்கிட்டு இருக்காரு. நாஞ் சொல்லலப்பா, அவரு சொல்றாரு."

சுந்தரபாண்டி மாடியில் முதலாளி அறையின் கண்ணாடிச் சன்னலை நிமிர்ந்து பார்த்தான். பிறகு காலண்டர் அட்டை ஒன்றைக் கிழித்து மடித்து இடதுபக்கப் பட்டனுக்குள் திணித்தான்.

வேலை வேகமாக நடந்தது. வெட்டிய ஓரங்கள் வெள்ளை நாடாக்களாகச் சரிந்து அவன் காலைச் சுற்றிக் குவிந்தன. ராக்காயி அதைக் கூட்டி அள்ளிச் சாக்கில் அமுக்கிக்கொண்டிருந்தாள்.

முத்துமாரிக்குச் சத்தம் எதுவும் கேட்கவில்லை. மிஷின் நின்றதுதான் தெரிந்தது. திரும்பிப் பார்த்தபோது சுந்தரபாண்டி இடது மணிக்கட்டை வலது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, யாரையோ வழி கேட்க நிற்பவனைப் போல நின்றிருந்தான். பக்கத்து அடுக்கின் வெள்ளை ஓரங்களில் ரத்தம் தெறித்திருந்தது.

"ஏலே, துணி கொண்டாங்கலே!" என்று அய்யாதுரை கத்தினார்.

கனகசபாபதி செருப்புக்கூடப் போடாமல் மாடியிலிருந்து ஓடிவந்தார். அவரே சுந்தரபாண்டியைத் தோளில் சாய்த்துக் காரில் ஏற்றினார். வண்டியையும் அவர்தான் ஓட்டினார். "ஒண்ணுமில்லப்பா, ஒண்ணுமில்லப்பா" என்று வழி முழுவதும் சொல்லிக்கொண்டே வந்தார். தொழிலாளர்களுக்கான ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்குத் திரும்பும் முக்கில் கார் திரும்பாமல் நேராகப் போனது. முத்துமாரி அதைக் கவனித்தாள். ஆனால் அப்போது அவளுக்கு எந்த ஆஸ்பத்திரியானாலும் சரி என்றுதான் இருந்தது.

தனியார் ஆஸ்பத்திரியின் நடையில் கனகசபாபதி அவளைத் தனியாகக் கூப்பிட்டார். அவருடைய வெள்ளைச் சட்டையின் தோளில் ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது.

"இங்க பாரும்மா. டாக்டர் எப்படி நடந்துச்சுன்னு கேப்பாரு. வீட்டுல தீவனம் வெட்டுற மிஷின்ல மாட்டிக்கிடுச்சுன்னு சொல்லிரு."

அவள் புரியாமல் பார்த்தாள்.

"சுந்தரபாண்டி பேரு நம்ம ரிஜிஸ்டர்ல இல்ல. இன்ஸ்பெக்டர் வந்தான்னா கம்பெனிக்குச் சீல் வச்சிட்டுப் போயிருவான். ஏற்கெனவே ஏழாயிரம்பண்ணைப் பக்கம் பட்டாசு செய்யுற எத்தன வெடி ஆபீஸு பூட்டிக் கெடக்குன்னு உனக்கே தெரியும். நம்மளும் பூட்டிட்டா உங்கூட உக்காந்து தைக்கிறவுக எல்லாம் எங்க போவாக? ஆஸ்பத்திரிச் செலவு என் பொறுப்பு. அவனுக்கு வாட்ச்மேன் வேலை போட்டுத் தாரேன்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "உன் மக நர்சிங் படிக்குதுல்ல? அது முடிக்கிற வரைக்கும் நான் இருக்கேன்."

மகள் முத்துச்செல்விக்கு நர்சிங் கல்லூரியில் இடம் வாங்கித் தந்தது அவர்தான். அதை அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியும் இருக்கவில்லை.

அவர் விலகிப்போனதும் முத்துமாரி மகளுக்குப் போன் செய்தாள். விருதுநகரில் ஹாஸ்டலில் இருந்தவள் முதலில் அழுதாள். பிறகு, "எம்மா, அப்படிச் சொல்லிராத. வீட்டுல நடந்துச்சுன்னு ஒரு தடவ எளுதிட்டாகன்னா அப்புறம் மாத்த முடியாது. அப்பாவுக்கு ஒண்ணுமே கிடைக்காது. கம்பெனியிலதான்னு சொல்லு" என்றாள்.

"சொன்னா உன் படிப்பு?"

மறுமுனையில் யாரோ வாளியைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"செல்வி?"

"எனக்குத் தெரியலம்மா" என்றாள் முத்துச்செல்வி. "எனக்கு ஒண்ணும் சொல்லத் தெரியல."

டாக்டர் வெளியே வந்து, துண்டான விரல்களைக் கொண்டுவந்தார்களா என்று கேட்டார். காருக்குப் பின்னாலேயே வந்து சேர்ந்திருந்த அய்யாதுரை அச்சகத்துக்குப் போன் போட்டார். கழிவுச் சாக்குகளைக் கொட்டித் தேடி, ராக்காயி அவற்றை ஒரு பாலித்தீன் பையில் எடுத்து அனுப்பினாள். டாக்டர் பையை வெளிச்சத்தில் பார்த்துவிட்டு நர்சிடம் கொடுத்தார். "நசுங்கிப்போச்சு. சேராது" என்றார்.

பிறகு படுக்கைக்குப் பக்கத்தில் நின்று கேட்டார். "எப்படி ஆச்சு?"

சுந்தரபாண்டி மயக்க ஊசியின் கிறக்கத்தில் கண்ணைத் திறந்தான். உதடு அசைந்தது. டாக்டருக்குப் பின்னால் கனகசபாபதி கைகளைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றார்.

"வீட்டுல" என்றாள் முத்துமாரி. "தீவனம் வெட்டுற மிஷின்ல."

டாக்டர் அவளை ஒரு முறை பார்த்தார். முதலாளியின் சட்டையையும் பார்த்தார். பிறகு எழுதினார்.

மறுநாள் காலையில் சுந்தரபாண்டி தெளிந்திருந்தான். கட்டுப்போட்ட கையைத் தலையணை மேல் வைத்திருந்தார்கள். அவள் கஞ்சியை ஆற்றிக்கொண்டிருக்கும்போது கேட்டான்.

"டாக்டருகிட்ட என்ன சொன்ன?"

சொன்னாள்.

அவன் மின்விசிறியைப் பார்த்தான். "நம்மகிட்ட மாடு ஏது?" என்றான்.

அவள் கஞ்சியை நீட்டினாள். அவன் வாயைத் திறக்கவில்லை. சாயங்காலம் அவன் தம்பி பால்பாண்டி வந்து, "எப்படிண்ணே மாட்டிக்கிட்டீக?" என்று கேட்டபோது, "வீட்டுல" என்று மட்டும் சொன்னான். முத்துமாரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சனிக்கிழமை லோடு போக வேண்டும். அய்யாதுரை வெள்ளிக்கிழமை காலையில் ஆள் அனுப்பியிருந்தார். வராவிட்டால் முதலாளி மனம் வருந்துவார் என்று வந்தவன் சொன்னான். பால்பாண்டியைப் படுக்கைக்குப் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு அவள் கிளம்பினாள். "போயிட்டு வாரேன்" என்றபோது சுந்தரபாண்டி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தான்.

அச்சகத்தில் யாரும் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. ராக்காயி எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கட்டிங் மிஷினில் வேறு ஒருவன் வேலை செய்துகொண்டிருந்தான். கீழே சிமென்ட் தரை, மை கழுவும் தின்னர் ஊற்றிக் கழுவப்பட்டு அந்த இடம் மட்டும் வெளுத்திருந்தது.

அட்டை ஒட்டும் மேஜையில் தனியாக ஓர் அடுக்கு இருந்தது. அன்றைக்கு மிஷினுக்குப் பக்கத்தில் இருந்த புத்தகங்கள். வெட்டிய ஓரங்களில் பழுப்புப் புள்ளிகள் சிதறியிருந்தன.

"ஆர்ட் பேப்பரு. தூக்கிப் போட முடியாது. திரும்ப அடிக்கவும் நேரம் இல்ல" என்றார் அய்யாதுரை. அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "ஓரத்துல மட்டும்தான் பட்டிருக்கு. லேசாத் தேய்ச்சாப் போயிரும். வேற யாருகிட்டயும் குடுக்க எனக்கு மனசில்லம்மா. ஆளாளுக்குப் பேசுவாளுக."

உப்புத்தாள் சதுரங்களை மேஜையில் வைத்துவிட்டு நகர்ந்தார்.

முத்துமாரி உட்கார்ந்தாள். முதல் புத்தகத்தை இரண்டு முழங்காலுக்கு நடுவே இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஓரத்தைத் தேய்க்க ஆரம்பித்தாள். பழுப்பு மெல்ல இளகியது. செம்மண் மாதிரி மெல்லிய தூள் உதிர்ந்து அவள் சேலை மடியில் படிந்தது. அடியிலிருந்து வெள்ளை தெரிந்தது. விரலால் தடவிப் பார்த்தாள். வழவழவென்று இருந்தது. வாயால் ஊதிவிட்டு அதை வலது பக்கம் வைத்தாள். அடுத்த புத்தகத்தை எடுத்தாள்.